ஓடு இல்லாத முட்டை

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கேம்ப் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் தொங்கும் பலகையில் ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதினேன். எட்டு வருடமாகக் காலை உணவுக்கு நேராக ‘முட்டை’ என்று மட்டுமே எழுதி வந்தவன், அன்று ‘தூள் முட்டை’ என்று எழுதினேன். ஆங்கிலத்தில்தான். எழுத்துப்பிழை இருந்திருக்கலாம். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஒரு வருடம் பிடித்தது. போன ஐப்பசியில் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது நடந்ததுதான் காரணம். வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கம் இருப்பவர்களில் சிலருக்குப் பாதிக் கதை தெரியும். என்னை ‘பிளாஸ்டிக் முட்டைக்காரன்’ என்று கூப்பிட்டவர்களும் இதைப் படிக்கலாம். மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியா. பெர்த் நகரத்தில் வீடு. வேலை அங்கிருந்து ஒரு நாள் பயணத் தூரத்தில், செம்மண்ணும் முட்புதரும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில். பூமிக்கடியில் என்ன உலோகம் இருக்கிறது என்று துளை போட்டுப் பார்க்கிறவர்களுடைய கேம்ப். முப்பத்துநான்கு பேர். நான் சமையல்காரன். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில்.

இந்த நாட்டுக்கு நான் என் திறமையால் வரவில்லை. மனைவி ஸ்டெல்லா நர்ஸ். குன்றத்தூர்ப் பெண். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். அதற்கு முன்னால் லாரி கிளீனர், ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரி கேண்டீனில் காய் நறுக்குபவன், மஸ்கட்டில் ஒரு ரோடு போடும் கம்பெனியின் கூடாரத்தில் சமையல் என்று சுற்றியாயிற்று. ஒரே இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கேம்ப் வேலை அதற்குச் சரியாக இருக்கிறது.

கேம்புக்குச் சாமான் லாரி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். மண் ரோடு நெளித்தகரம் மாதிரி வரிவரியாக இருக்கும். முட்டைத் தட்டுகளை எப்படிக் கட்டி அனுப்பினாலும் கால்வாசி கூழாக வந்து சேரும். மீதி வெயிலில் கெடும். அதனால் லாரி வந்த ஓரிரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் முட்டைத்தூள். எடையில் ஒரு பங்கு தூளுக்கு மூன்று பங்கு தண்ணீர். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது, கட்டி பிடிக்கும். கலக்கிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, சிறு தீயில் கிளறி, இன்னும் கொஞ்சம் வேக வேண்டும் என்று தோன்றும்போதே இறக்கிவிட வேண்டும். முழுக்க வெந்தபின் இறக்கினால் ரப்பர். கலக்கியதை மிச்சம் வைக்கவே கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மஸ்கட்டில் நாற்பது பேர் தட்டைத் தள்ளிவிட்டுப் போனதில் கற்றுக்கொண்டேன்.

மாதா மாதம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உணவில் பால் இருக்கிறதா, கடலை இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று கட்டங்கள் இருக்கும். முட்டைக்கு டிக் போடுவேன். எந்த முட்டை என்று அந்தப் படிவம் கேட்காது.

என் மகள் ஜெனிக்குப் பதினைந்து வயது. போன வருடம் முதல் முட்டை, பால் எதுவும் தொடுவதில்லை. கொள்கையாம். அவள் ஆங்கிலத்தில் சொல்வாள், நான் தமிழில் கேட்பேன். எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் நடக்கும்.

“முட்டை கோழியோடது, அப்பா.”

“தூள் முட்டையுமா?”

“அது இன்னும் மோசம். எந்தக் கோழியோடதுன்னே தெரியாம ஆக்கிடறீங்க.”

சிரித்துவிட்டு கேம்புக்குக் கிளம்பிப் போனேன். அதே பேச்சை வேறொருவர் வாயால், வேறொரு இடத்தில் கேட்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

2

என் அக்கா சரோஜா வடக்குப்பட்டில் வீட்டு வாசலிலேயே டிபன் கடை வைத்திருக்கிறாள். மாமா தவறிய பிறகு ஆரம்பித்தது. எங்களுக்கு இருந்த நிலம் ஃபேக்டரிக்குப் போய்விட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நான் ஒருநாளும் அதில் இறங்கியவன் இல்லை.

போன வருடம் ஊருக்கு அந்தாண்டை ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே தகர ஷெட் போட்டு எழுபது பேர் தங்கியிருந்தார்கள். தென்காசிப் பக்கம் பாதி, ஒடிசாக்காரர்கள் பாதி. அந்த லேபர் கேம்புக்குக் காலை டிபன் போடும் ஆர்டர் அக்காவுக்குக் கிடைத்திருந்தது. அதை நம்பி இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருந்தாள். பொங்கல் அல்லது இட்லி, கூட ஆளுக்கு ஒரு முட்டை ஆம்லெட். ஷெட்டின் ஓரத்தில் அடுப்பும் தோசைக்கல்லும் போட்டு, அங்கேயே உடைத்து ஊற்றிக் கொடுப்பாள்.

கண்ணெதிரே உடைக்க வேண்டும் என்று காண்ட்ராக்டர் ஒன்றும் எழுதி வாங்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் தள்ளுவண்டியானாலும் டிபன் கடையானாலும் அதுதான் வழக்கம். கல்லுக்கு முன்னால் தட்டோடு நிற்பவன், தன் முட்டை உடைகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பக்கத்தில் நிற்பவனோடு பேச ஆரம்பிப்பான். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர, யோசித்ததில்லை.

அந்த கேம்பில் பரமசிவம் என்று ஒரு மேஸ்திரி. கம்பி கட்டும் வேலை. ஐம்பது வயதிருக்கும். ஷெட்டின் வாசலில் காலி பெயின்ட் பக்கெட்டுகளில் தக்காளிச் செடி வைத்திருந்தார். டிபன் முடிந்ததும் அக்காவிடம் வந்து முட்டை ஓடுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போய் நொறுக்கிச் செடிக்குப் போடுவார். காய் அடியில் அழுகாதாம்.

நான் வந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மெயின் ரோட்டிலிருந்து கேம்புக்குப் போகும் பாதை டிப்பர் லாரிகள் உழுத சேறு. அக்கா மொபெட்டின் பின்னால் முட்டைத் தட்டுகளைக் கட்டிக்கொண்டு போவாள். முதல் நாள் ஒரு தட்டு போயிற்று. அடுத்த நாள் இரண்டு. மூன்றாம் நாள் வண்டியே சாய்ந்து, அக்கா முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தாள். பதினெட்டு பேருக்கு முட்டை இல்லை என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டாராம்.

முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

“அக்கா, இதுக்கு நான் ஒரு வழி வெச்சிருக்கேன்.”

3

வழி இருந்தது, பொருள் இல்லை. நம் மாநிலத்தில் முட்டையை உடைத்துக் காயவைத்துத் தூளாக்கிக் கப்பலேற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரகடம் மளிகைக் கடைகளில் கேட்டால் கஸ்டர்டு பவுடரை எடுத்து நீட்டினார்கள். “மஞ்சளா கீதே, அதானேண்ணா?” அது சோளமாவு என்று சொன்னதற்கு ஒரு கடைக்காரர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். இருபது வருடமாக முட்டை என்று நினைத்து விற்றிருக்கிறார்.

குன்றத்தூரில் ஒரு பேக்கரிக்காரர்தான் வழி காட்டினார். “இப்பல்லாம் முட்டை இல்லாத கேக்குதான் சார் ஜாஸ்தி போவுது. நீங்க முட்டை மட்டும் தனியா தேடிக்கினு வர்றீங்க” என்று சிரித்துவிட்டு, சென்னையில் பேக்கரிச் சாமான் விற்கும் கடை ஒன்றைச் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரு கிலோ பொட்டலமாக, சீல் வைத்து, தேதி போட்டு இருந்தது. ஆறு வாங்கினேன்.

அக்கா பொட்டலத்தைப் பிரித்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னாடா இது, கொழந்தைக்குக் கரைச்சிக் குடுக்குற மாவு மாதிரி கீது?”

“முட்டைதான்க்கா. தண்ணிய மட்டும் எடுத்துட்டாங்க.”

“எடுத்துட்டு?”

“நாம திரும்ப ஊத்திக்கணும்.”

“திரும்ப ஊத்தறதுக்கு இன்னாத்துக்குடா எடுக்கணும்? வேலையத்தவனுங்க.”

ஆனால் வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, நான் கிளறிக் கொடுத்த பொடிமாஸைத் தின்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். வீட்டிலேயே செய்து மூடி போட்ட பாத்திரத்தில் கொண்டுபோய்விடலாம். உடைவதற்கு ஒன்றும் இல்லை. மழையில் அங்கே அடுப்பு மூட்டவும் வேண்டாம்.

“அவங்ககிட்ட சொல்லிடட்டாடா?”

“வாணாம்க்கா. மொதல்ல துன்னட்டும். நல்லா கீதுன்னு அவங்க வாயால வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். எங்க கேம்புல நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்கறதில்ல.”

இந்தக் கதையில் தப்பு என்று ஒன்று இருந்தால் அது இந்த இடம்தான். தூளில் இல்லை.

4

முதல் நாள் எழுபது பேரும் சாப்பிட்டார்கள். இரண்டாம் தடவை கேட்டவர்களும் உண்டு. நான் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் பரமசிவம் காலிப் பையோடு வந்தார். “பொடிமாஸ் நல்லாருக்குக்கா. ஓடு எங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

“வூட்டாண்டயே குப்பையில போட்டுட்டேம்பா.”

“அய்யோ, நாளைக்கு எடுத்துட்டு வாங்க. காய் பிடிக்கிற நேரம்லா.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள், “இப்ப ஓட்டுக்கு இன்னாடா பண்றது?” அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம், நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடு என்று. நான் செய்தது என்ன தெரியுமா? ஒரகடம் கூட்டு ரோட்டில் இருக்கும் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடைக்குப் போய் முட்டை ஓடு கேட்டேன்.

“ஓடா? முட்டை வாணாமா?”

“ஓடு போதும்.”

“வூட்ல பல்லியா?” என்றார் கடைக்காரர். முட்டை ஓட்டைக் கட்டித் தொங்கவிட்டால் பல்லி வராது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை.

“ஆமாண்ணா, வூடு பூரா.”

அனுதாபப்பட்டு ஒரு பெரிய கேரி பேக் நிறையக் கொடுத்தார். ராத்திரி இருட்டில் அப்படியே அலசிக் காயவைத்தேன். மறுநாள் பொடிமாஸ் முடிந்ததும் அக்கா அதை பரமசிவத்திடம் நீட்டினாள். அவர் சந்தோஷமாக வாங்கி, கையை விட்டுத் துழாவினார். துழாவிய கை நின்றது. இரண்டு விரலால் ஒரு சின்ன ஓட்டை வெளியே எடுத்தார். கோலிக்குண்டு அளவு. மேலே கறுப்புப் புள்ளி.

“அக்கா, இது காடை முட்டைல்லா?”

கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். “மேஸ்திரி, ஒமக்கு மட்டும் காடையா? கவனிப்பு பலமா இருக்கே!” என்று யாரோ குரல் கொடுக்க, ஷெட்டே சிரித்தது. பரமசிவமும் சிரித்தார். இன்னொரு காடை ஓட்டை எடுத்தார். பிறகு ஒரு துண்டு பரோட்டா வந்தது. அவர் சிரிப்பு நின்றது.

“என்னக்கா இது?”

என் மனதில் மூன்று பொய் தயாராக இருந்தது. அக்கா ஒன்றையும் கேட்கக் காத்திருக்கவில்லை.

“இது உங்க முட்டையோட ஓடு இல்லப்பா. உங்க முட்டைக்கு ஓடே இல்ல. பவுடரு. என் தம்பி வாங்கினு வந்தான். நேத்தும் அதான், இன்னிக்கும் அதான்.”

பரமசிவம் பையைக் கீழே வைத்தார். “சொல்லியிருக்கலாம்லாக்கா” என்றார். அவ்வளவுதான்.

5

பத்து மணிக்குள் அது ‘பிளாஸ்டிக் முட்டை’ ஆகிவிட்டது. எல்லார் போனிலும் அதற்கு ஒரு வீடியோ ஏற்கெனவே தயாராக இருந்தது. மறுநாள் அறுபது தட்டில் பொடிமாஸ் அப்படியே இருந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, “சனிக்கிழமை வரைக்கும் போடுங்க. திங்கக்கிழமையிலேருந்து வேற ஆளைப் பாத்துக்கறோம்” என்றார். அதோடு நிற்கவில்லை. வாசல் கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள்கூடத் தோசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எதிர் வீட்டுக்காரி வந்து, “சரோஜா, மாவுலயும் எதுனா கலக்குறியா, என் பையனுக்கு வயிறு சரியில்ல” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் சமாதானம் சொல்லப் போனேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“நீ ஏரோப்ளேன் ஏறிப் பூடுவ. நான் இந்தத் தெருவுலதான்டா நடக்கணும்.”

வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்கு வந்தால் எதையாவது சரிசெய்யக் கை பரபரக்கும். சரிசெய்தது சரியில்லாமல் போனால் அதோடு இருக்கப்போகிறவன் அவன் இல்லை. இதை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

“திரும்ப முட்டையே வாங்கிடலாம்க்கா. கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க.”

“மறக்கறதுக்கு நான் இன்னா திருடுனேன்? நாயித்துக்கெழம என்கூட வா. மீதி பவுடர எடுத்துக்கோ. நீயே பேசு.”

ஞாயிறு காலை போனோம். துணி துவைத்துக்கொண்டும் முடி வெட்டிக்கொண்டும் இருந்தார்கள். பரமசிவம் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார். எனக்கு ஒன்றும் போடவில்லை. நின்றபடியே சொன்னேன். நானும் ஒரு கேம்ப் சமையல்காரன், இதைத்தான் ஏழு வருடமாகச் சமைக்கிறேன், தின்கிறேன் என்றேன்.

“ஆஸ்திரேலியாவுல கோழி மாவாத்தான் போடுமாண்ணே?” என்றான் முடி வெட்டிக்கொண்டிருந்தவன். நல்ல சிரிப்பு. ஒடிசாக்காரர்களுக்கு ஒருவர் மொழிபெயர்த்ததும் இரண்டாவது சிரிப்பு.

“பிளாஸ்டிக்கான்னு கொளுத்திப் பாத்துருவோம்” என்று ஒருவர் சொல்ல, கரண்டியில் ஒரு கை தூளைப் போட்டு அடுப்பில் காட்டினார்கள். எரியும் என்று தெரியும். எப்படி எரியும் என்று பார்த்ததில்லை. தூள் கறுத்தது. உருகிச் சொட்டவில்லை. புகை வந்தது. புகையோடு ஒரு நாற்றம்.

“மயிரு கருகுன மாதிரி இருக்கு” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார் ஒருவர்.

“கோழிய வாட்டும்போது இப்படித்தாம்ல நாறும்” என்றார் இன்னொருவர்.

எல்லாரும் பரமசிவத்தைப் பார்த்தார்கள். அவர் கரண்டியை வாங்கி முகர்ந்தார். இன்னொரு தடவையும் முகர்ந்தார்.

“சரி. முட்டைதான். ஒத்துக்கிடுதேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஆனா தம்பி, இதுல என் முட்டை எது?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

“ஆளுக்கு ஒரு முட்டைன்னுதான பேச்சு. எழுபது பேருக்கும் ஒரே குண்டாவுல கலக்குதீங்க. எனக்கு ஒண்ணு விழுந்துச்சா முக்கால் விழுந்துச்சான்னு நான் எப்படிக் கண்டேன்? அக்காவ நம்பலன்னு சொல்லல. கல்லுல உடைக்குத சத்தம் கேட்டா நம்புதமா இல்லையாங்கிற பேச்சுக்கே எடமில்ல.”

பன்னிரண்டரை கிராம் தூள் ஒரு முட்டை என்று என்னால் சொல்லியிருக்க முடியும். தராசு கொண்டுவந்து நிறுத்துக் காட்டியிருக்கவும் முடியும். சொல்லவில்லை. எந்தக் கோழியுடையது என்றே தெரியாமல் ஆக்கிவிடுகிறோம் என்று ஜெனி சொன்னது ஞாபகம் வந்தது.

அக்காதான் பேசினாள். “உடைச்சிப் போட எனக்கு மட்டும் வலிக்குதா? எடுத்துக்கினு வர்றப்பவே உடையுதேப்பா. ரோட்ட பாத்தல்ல? நான் முட்டியப் பேத்துக்கினது உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அந்த மொபெட்ல ஏன் கொண்டாரீங்க? மெயின் ரோட்டுல நின்னு ஒரு போனப் போடுங்க. ரெண்டு பேரு வந்து தலையில வச்சுத் தூக்கிட்டு வாரோம். கம்பி தூக்குதவன் முட்டை தூக்க மாட்டானா?”

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க கேக்கவே இல்லையேக்கா.”

அக்கா பக்கெட்டிலிருந்து எழுந்து, திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதத் தேவையில்லை. தம்பியாகப் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

சூப்பர்வைசரிடம் பரமசிவமே போய்ப் பேசினார். ஆர்டர் அக்காவுக்கே நிலைத்தது. ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். பாதையே முழுகிப்போய் யாராலும் முட்டை தூக்க முடியாத நாளில் அக்கா தூள் போடலாம். ஆனால் கேம்ப் கேட்டிலேயே சொல்லிவிட வேண்டும். வேண்டுகிறவன் வாங்கிக்கொள்வான்.

6

நான் கிளம்பும்போது, பிரிக்காத பொட்டலம் ஒன்றை அக்கா என் பெட்டியில் திணித்தாள். “உன் கேம்புக்கு நம்ம ஊரு முட்டை.” கோபம் தீர்ந்தது என்பதை அவள் இப்படித்தான் சொல்வாள்.

பெர்த்தில் இறங்குவதற்கு முன்னால் ஒரு அட்டை தருவார்கள். உணவுப் பொருள் வைத்திருக்கிறாயா, இறைச்சி, பால், முட்டை வைத்திருக்கிறாயா என்று கேட்டிருக்கும். நாட்டுக்குள் நோய் வந்துவிடக் கூடாது என்று அவர்களுக்குக் கவலை. நியாயமான கவலைதான். ஸ்டெல்லா போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தாள், “கேட்டா இட்லி மாவுன்னு சொல்லிட்டு வாங்க. அதுல போய் வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்காதீங்க.” வழக்கமான நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்டேன்.

ஒரு இளம் பெண் அதிகாரி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். முட்டை என்றேன். எதற்கு என்றாள். நான் சமையல்காரன் என்றேன். எழுதி வைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு அதைத் தொட்டியில் போட்டாள். எண்பது முட்டை.

வெளியே காரோடு வந்திருந்த ஸ்டெல்லாவின் பக்கத்தில் ஜெனி நின்றிருந்தாள். பொட்டலம் போன கதையைக் கேட்டுவிட்டு, “போனது நல்லதுதான்” என்றாள். பிறகு, “அத்தை உன்னைத் திட்டினாங்களா?” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். ‘திட்டினாங்களா’ என்பது கொஞ்சம் கோணலாக வந்தது. நான் திருத்தவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முழுக் கதையையும் கேட்டாள். காடை முட்டை இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சிரித்தாள்.

அத்தனையும் நடந்த பிறகும், கேம்புக்குப் போனதும் பலகையில் பழையபடி ‘முட்டை’ என்றே எழுதினேன். அங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி.

7

போன திங்கட்கிழமை மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். இந்த ஐப்பசியிலும் அதே மழை. பாதை முழுகிவிட்டதாம். கட்டட வேலை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. கேம்ப் இன்னும் காலியாகவில்லை.

“இன்னிக்கிப் பவுடருன்னு கேட்டாண்டயே நின்னு கத்திச் சொல்லிட்டேன்.”

“எத்தினி பேரு துன்னாங்கக்கா?”

“பதினோரு பேரு.”

“பதினோரு பேர்தானா?”

“மீதிப் பேரு வெறும் பொங்கல் துன்னாங்க. அதுக்கின்னா? ஒருநாளு சட்னி இல்லன்னா சட்னி இல்லன்னு சொல்றதில்லையா?”

“மேஸ்திரி?”

“அவுரு எங்க துன்னாரு. ஆனா போறப்ப, ‘நாளைக்கு ஓடு எடுத்து வைங்கக்கா’ன்னுட்டுப் போனாரு.”

பதினோரு பேர் என்று அவள் சொன்ன குரலில் ஒரு குறையும் இல்லை. சொல்லிவிட்டவளுடைய குரல் அது. மறுநாள் விடியுமுன் எழுந்து அந்தச் சொல்லைப் பலகையில் எழுதினேன்.

எங்கள் கேம்பில் முதல் ஆளாகச் சாப்பிட வருபவர் கெவின். துளை போடும் இயந்திரத்தை ஓட்டுகிறவர், அறுபதைத் தாண்டியவர், நான் வந்த நாளிலிருந்து இருக்கிறவர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்போ இதுவரைக்கும் போட்டது?”

“பெரும்பாலும் இதேதான்.”

“எட்டு வருஷமாகவா?”

“எட்டு வருஷமாக.”

அவர் இரண்டு ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு போய்த் தனியாக உட்கார்ந்தார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். எல்லாருக்கும் தெரியும் என்று அக்காவிடம் எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்! புதன், வியாழனும் அவர் ரொட்டிதான் எடுத்தார்.

நேற்று வெள்ளிக்கிழமை. சாமான் லாரி முந்தின நாள் மாலை வந்திருந்தது. ஐந்து தட்டு முட்டையில் நாலு தட்டு உருப்படியாக இருந்தது. வழக்கமாக அதை உள்ளே உடைத்து, கலக்கி, கிளறித்தான் வெளியே கொண்டுவருவேன். நேற்று பலகையில் ‘தூள்’ என்ற சொல்லை அழித்துவிட்டு, இரும்புக் கல்லை இழுத்துக்கொண்டு வந்து பரிமாறும் ஜன்னலுக்கு நேராகப் போட்டேன். உதவிக்கு இருப்பவன் எதற்கென்று கேட்டான். இங்கேதான் வெளிச்சம் என்றேன்.

கெவின் வந்தார். பலகையைப் படித்தார். கல்லுக்கு முன்னால் தட்டோடு நின்றார். நான் ஒரு முட்டையை எடுத்துக் கல்லின் விளிம்பில் தட்டினேன்.

அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, இன்றைக்கு வெயில் எப்படி இருக்கும் என்று பேச ஆரம்பித்தார்.